சாபா தீவுக்கு விமானத்தில் போவதா, படகில் போவதா? 400 மீட்டர் ஓடுபாதை பற்றி ஒரு கேள்வி

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் மகள் கரீபியன் கடலில் இருக்கும் சாபா தீவில் மருத்துவம் படிக்கிறாள். அடுத்த மாதம் நானும் அவள் அப்பாவும் அவளைப் பார்க்கப் போகிறோம். டொரொண்டோவிலிருந்து சின்ட் மார்ட்டின் வரை பெரிய விமானம், அதில் எனக்குக் கவலை இல்லை. அங்கிருந்து சாபாவுக்குச் சின்ன விமானம்.

நேற்று இரவு அவர் ஒரு காணொளியைக் காட்டினார். உலகின் மிக ஆபத்தான விமான நிலையங்கள் என்று ஒரு பட்டியல், அதில் சாபாவும் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, மற்ற மூன்று பக்கமும் கடலில் செங்குத்தாக இறங்கும் பாறை. நடுவில் கிழித்துப் போட்ட துணிநாடாபோல ஓடுபாதை. அதன் இரண்டு முனைகளிலும் வெள்ளையில் பெரிய பெருக்கல் குறி. பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். பயமாக இருந்தால் படகில் வாருங்கள் என்கிறாள். எனக்கோ கடல் ஒத்துக்கொள்ளாது, கரையிலேயே தலை சுற்றும்.

இங்கே விமானம் பற்றித் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். என்னைத் தேற்றுவதற்காக எதுவும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள்.

மேகத்தடம்

அக்கா, உள்ளதையே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெருக்கல் குறி. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். ஓடுபாதை பொதுவான விமானப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது என்பதுதான் அதன் பொருள். சொந்த விமானம் வைத்திருக்கும் ஒருவர் நினைத்தபடி வந்து இறங்க முடியாது. ஜெட் விமானங்களுக்கு இடமே இல்லை. சிறப்பு அனுமதி பெற்ற நிறுவனம், அதற்குப் பொருத்தமான விமானம், அந்த இடத்துக்கென்றே பயிற்சி பெற்ற கேப்டன், இவ்வளவும் சேர்ந்தால்தான் அங்கே இறங்கலாம். அதாவது, தெரியாதவர்களை விலக்கி வைப்பதற்காகப் போட்ட குறி அது. நீங்கள் தெரிந்தவர்களோடு போகிறீர்கள்.

அடுத்து, 400 மீட்டர். வணிக விமானப் போக்குவரத்து நடக்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே குட்டையானது இதுதான், அதில் ஐயம் இல்லை. சின்ட் மார்ட்டினில் நீங்கள் இறங்கப்போகும் பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தின் ஓடுபாதை 2,300 மீட்டர். ஆனால் ஓடுபாதையின் நீளத்தை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. அதில் எந்த விமானம் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாபாவுக்குப் போவது ட்வின் ஆட்டர். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கியது, 1965இல் முதன்முதலாகப் பறந்தது. பனிக்காடு, சேற்று நிலம், ஏரி என்று ஒழுங்கான ஓடுபாதையே இல்லாத இடங்களுக்காகவே செய்யப்பட்ட விமானம். 19 பேர் வரை உட்காரலாம். சக்கரங்களை உள்ளே மடக்கும் வேலை இல்லை. அகலமான நேர் இறக்கை. பெரிய ஜெட் விமானம் ஏறத்தாழ 140 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) தரையைத் தொடும் என்றால், இது அதில் பாதியில், சுமார் 70 நாட்டில் தொடும். வேகம் பாதியானால் நிற்கத் தேவையான தூரம் பாதியாகாது, கால் பங்காகும். ஏனென்றால் அந்தத் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 70 நாட் என்பது நொடிக்கு 36 மீட்டர். பிரேக் ஒவ்வொரு நொடியும் அந்த வேகத்தில் 3 மீட்டரைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிற்கச் சுமார் 216 மீட்டர் ஆகும். இப்போது காற்றைச் சேருங்கள். அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வாணிபக் காற்று வீசுகிறது. சாபாவின் ஓடுபாதை தென்கிழக்கு நோக்கி இருப்பதால், வரும் விமானத்துக்கு அது பெரும்பாலும் எதிர்க்காற்று. 20 நாட் எதிர்க்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் 50 நாட்தான். நிற்க வேண்டிய தூரம் 110 மீட்டராகச் சுருங்கிவிடும். இது தோராயக் கணக்கு. தரையைத் தொடுவதற்கு முந்தைய தூரத்தையும் பாதுகாப்புக்கான கூடுதலையும் விமானிகள் தனியே கணக்கிடுவார்கள். ஆனாலும் 400 மீட்டர் எப்படிப் போதுமாகிறது என்பது இதிலேயே தெரியும்.

இதோடு விசிறியின் உதவியும் உண்டு. தரையைத் தொட்டதும் விமானி விசிறித் தகடுகளின் கோணத்தைத் திருப்பிவிடுவார். முன்னே இழுத்துக்கொண்டிருந்த விசிறி அந்த நொடியே பின்னே தள்ளத் தொடங்கும். அப்போது ஒரு பெரிய உறுமல் கேட்கும். அதற்குப் பயப்படாதீர்கள்.

சங்கு

மேகத்தடம் சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த அம்மா உள்ளதைச் சொல்லச் சொன்னார். ஆகவே மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

2,300 மீட்டர் ஓடுபாதையில் விமானி 200 மீட்டர் தள்ளி இறங்கினால் பயணிக்கு அது தெரியவே தெரியாது. சாபாவில் 200 மீட்டர் தள்ளி இறங்கினால் பாதி ஓடுபாதை போய்விட்டது. பிழைக்கு இடம் குறைவு என்பதை எந்தக் கணக்காலும் மறைக்க முடியாது. மலையில் மோதித் திரும்பும் காற்று கடைசி நொடியில் விமானத்தைத் தூக்கவோ அமுக்கவோ செய்யும். அங்குள்ள விமான நிலையக் கோபுரம் தகவல் மட்டுமே சொல்லும், விமானங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. தீவில் விமான எரிபொருள் கிடைக்காது. இருப்பது ஒரே ஒரு தீயணைப்பு வண்டி.

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 'பயப்பட ஒன்றும் இல்லை' என்ற பேச்சைத்தான் ஏற்கவில்லை. அங்கே பயப்பட வேண்டியவர் விமானி. அவர் ஒவ்வொரு முறையும் பயந்து, கவனமாக இருப்பதால்தான் பயணி நிம்மதியாக இருக்கிறார்.

மேகத்தடம்

கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன் சங்கு.

பழைய வரைபடம்

இருவரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஓடுபாதை அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு வரைபடங்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. சாபாவின் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது, விமான நிலையக் குறியீடு தவறாக அச்சாகிவிட்டது என்றே நினைத்தேன்.

சாபா 13 சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஓர் எரிமலை. கடலுக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கிறது. மணல் கடற்கரை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதன் உச்சியான மவுண்ட் சீனரிதான் நெதர்லாந்து முடியரசு முழுவதிலும் உயரமான இடம். மக்கள் சுமார் 2,000 பேர். முன்பெல்லாம் தீவுக்கு வரும் எந்தப் பொருளும், உப்பிலிருந்து பியானோ வரை, படகிலிருந்து இறக்கப்பட்டு, பாறையில் வெட்டிய நூற்றுக்கணக்கான படிகளில் தலைச்சுமையாக மேலே போனது.

அங்கே சாலை போட முடியாது என்று நெதர்லாந்திலிருந்து வந்த பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் அதை ஏற்கவில்லை. அஞ்சல்வழியில் கட்டடப் பொறியியல் படித்தார். 1938இல் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இயந்திரம் கிடையாது, மண்வெட்டியும் கைவண்டியும்தான். கோட்டை விரிகுடாவிலிருந்து தலைநகரான பாட்டம் வரை முதல் பகுதி முடிந்தபோது 1943. முதல் கார் 1947இல் வந்தது. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, அதில் ஒரு ஜீப்பை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 20 ஆண்டுகள் உழைத்து 1958இல் சாலையை முடித்தார்கள். இன்றும் அங்கே அதற்கு வேறு பெயர் இல்லை. 'அந்தச் சாலை' என்றுதான் சொல்கிறார்கள்.

சாலையை முடித்த அடுத்த ஆண்டே அந்த மக்கள் விமானத்தைப் பற்றி நினைத்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. தீவின் வடகிழக்கு மூலையில் ஃபிளாட் பாயிண்ட் என்று ஓர் இடம். பழைய காலத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து கடலில் நாக்கை நீட்டியதுபோல உறைந்த இடம். தீவில் தட்டை என்று சொல்லக்கூடிய ஒரே நிலம். ஒருகாலத்தில் அங்கே கரும்புச் சாறு காய்ச்சினார்கள், அந்தக் கட்டடத்தின் இடிபாடுகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்துத் தீவான செயின்ட் பார்ட்ஸிலிருந்து ரெமி டி ஹானென் என்ற விமானி வந்து, இந்த இடத்தைச் சுத்தப்படுத்தினால் தன்னால் இறங்க முடியும் என்றார். 1945இல் செயின்ட் பார்ட்ஸில் புல்வெளியில் விமானத்தை இறக்கிக் காட்டியவர் அவர். ஊரே திரண்டு கல்லைப் பொறுக்கி, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பியது. 1959 பிப்ரவரி 9ஆம் நாள் அவர் இறங்கினார். தீவு மக்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் அரசு அசைந்தது. 1963இல் முறையான ஓடுபாதை திறக்கப்பட்டது. அன்றைய நெதர்லாந்து அண்டிலிஸ் அரசின் அமைச்சராக இருந்து, அதற்கு முந்தைய ஆண்டு காலமான அருபாக்காரர் ஹுவாஞ்சோ இராவுஸ்கின் பெயரை வைத்தார்கள். பெயர் அமைச்சருடையது. இடத்தை உண்டாக்கியவர்கள் கல் பொறுக்கியவர்கள். 'ஆபத்தான விமான நிலையம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டுப் போகும் காணொளிகளைப் பார்த்தால் எனக்கு மனம் கொதிக்கிறது, மன்னியுங்கள்.

வைகறை

ஐயா, இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கல் பொறுக்கியவர்களை நினைத்துக்கொண்டே இருந்தோம்.

அங்கே நேரில் இறங்கியவர் யாராவது இருக்கிறீர்களா?

தீவுமருந்து

இருக்கிறேன் அம்மா. உங்கள் மகள் படிக்கும் ஊரிலேயே நானும் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஓடுபாதையில் எத்தனை முறை இறங்கினேன் என்று எண்ணவில்லை. முதல் முறை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஜூலியானாவில் ஏறும்போது நல்ல வெயில். விமானம் அவ்வளவு சின்னது, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நான் முன்வரிசையில் இருந்தேன். விமானிகள் இருவருடைய முதுகும் எதிரிலேயே இருந்தது. அவர்களுடைய கண்ணாடி வழியாகவே எனக்கும் கடல் தெரிந்தது. ட்வின் ஆட்டரில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள் கூரையில் இருக்கும். விமானி கையைத் தூக்கி மேலே பிடித்துக்கொண்டிருப்பார், ஓடும் பஸ்ஸில் நிற்பவர் கம்பியைப் பிடிப்பதுபோல. எனக்கு முன்னால் இருந்தவர் கையில் வெயில் பட்டுப் பட்டுக் கறுத்த இடமும், கடிகாரம் கழற்றிய வெளுப்பும் தெரிந்தன. அந்தக் கையையேதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு முறைகூட அவசரப்படவில்லை.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் கடல். பிறகு மேகத்தைத் தலையில் சுமந்துகொண்டு அந்த மலை வரும். விமானம் நேராகப் பாறையை நோக்கிப் போகும். பாறையிலுள்ள புதர்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்போது இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். திரும்பியதும் எதிரில் ஓடுபாதை. தட் என்று ஒரு தொடுகை, மேகத்தடம் சொன்ன உறுமல், எல்லோரும் இருக்கையில் முன்னே சாய்கிறோம். நிமிர்ந்து பார்த்தால் விமானம் நடந்து போகும் வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஓடுபாதை மீதம் இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி, மடியில் இருந்த முட்டைத் தட்டைத் திறந்து சரிபார்த்தார். ஒன்றும் உடையவில்லை.

திரும்பி வந்த ஒரு நாளையும் சொல்லவேண்டும். டிசம்பரில் ஒரு முறை, தீவை நெருங்கியபோது மழைத்திரை இறங்கியிருந்தது. கேப்டன் ஒரு சுற்று வந்து பார்த்தார். தலையை ஆட்டினார். சின்ட் மார்ட்டினுக்கே திரும்பிவிட்டோம். சாபாவில் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும், இரவில் விமானம் இல்லை. அன்று இறங்க முடியாததில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் யோசித்தபோது, அவர் அவ்வளவு எளிதாக வேண்டாம் என்று சொன்னதே பெரிய தைரியத்தைத் தந்தது.

சங்கு

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரவில் விமானம் இல்லை என்பதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நீங்கள் மருத்துவர். நள்ளிரவில் மாரடைப்பு வந்தவரை என்ன செய்வார்கள்? ஓடுபாதையை நீட்டினால் என்ன? 2010 அக்டோபர் 10 முதல் சாபா நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. பணக்கார நாடு. இரண்டாயிரம் பேர் வெளியே போக இன்னும் சின்ட் மார்ட்டின் என்ற ஒரே தீவை நம்பி இருக்க வேண்டுமா? 2017 செப்டம்பர் 6ஆம் நாள் இர்மா புயல் ஜூலியானா முனையத்தின் கூரையைப் பிய்த்து எறிந்தது. அங்கே வழக்கமான பயணிகள் சேவை அக்டோபர் 10இல்தான் மீண்டும் தொடங்கியது. அதுவும் கூடாரங்களில். முனையத்தை முழுமையாகத் திறந்தபோது 2024 நவம்பர். வாசற்கதவு அடைத்துக்கொண்டால் வீட்டுக்குள் இருப்பவர் எப்படி வெளியே வருவார்?

தீவுமருந்து

நியாயமான கேள்வி. ஃபிளாட் பாயிண்டில் ஹெலிகாப்டர் இறங்கவும் இடம் இருக்கிறது. பக்கத்துத் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸில் நோயாளிகளுக்கென்று ஹெலிகாப்டர் நிறுத்தப்பட்டிருக்கிறது. தீவில் ஒரு சிறிய மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் தேவைப்படுபவர்களைச் சின்ட் மார்ட்டினுக்கோ அதற்கு அப்பாலோ அனுப்புகிறார்கள். போதுமா என்று கேட்டால், எந்தச் சின்னத் தீவிலும் போதாது என்பதுதான் என் பதில்.

மேகத்தடம்

நீட்டுவது பற்றி: எங்கே நீட்டுவது? இரண்டு முனைகளிலும் பாறை முடிந்து கடல். ஒரு பக்கம் மலை. ஆழக் கடலை நிரப்பினால்தான் உண்டு. நிரப்பினாலும் மலை தள்ளிப் போகாது, அதன் காற்றும் மாறாது. பெரிய விமானம் வந்தால் இருபுறமும் அதற்கேற்ற காலி இடம், பெரிய தீயணைப்பு நிலையம், எரிபொருள் கிடங்கு, எல்லாம் வேண்டும். ஃபிளாட் பாயிண்ட் முழுவதையும் விழுங்கிவிடும். சொல்லப்போனால், முனைகளில் கடல் இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இறங்க வேண்டாம் என்று விமானி முடிவு செய்தால் எதிரில் தடையே இல்லை. கிளம்பும்போதும் அப்படித்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை முழு விசைக்குக் கொண்டுபோய், பிறகு விடுவார்கள். தரை முடிவதற்குள் சக்கரம் எழும்பிவிடும், கீழே கடல் விழுந்து போகும். செயின்ட் பார்ட்ஸில் ஓடுபாதை 650 மீட்டர். ஆனால் அதன் வாயிலிலேயே ஒரு குன்று இருக்கிறது, அதை உரசுவதுபோலத் தாண்டி இறங்க வேண்டும்.

நீளம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு ஜூலியானாவே பதில். 2017 மார்ச் 7ஆம் நாள், டொரொண்டோவிலிருந்து வந்த வெஸ்ட்ஜெட் 737 விமானம் அங்கே இறங்கும்போது திடீர் மழை பிடித்தது. விமானிகள் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டல் கட்டடத்தை ஓடுபாதை என்று நினைத்துவிட்டார்கள். விமானம் கடலுக்கு மேல் 40 அடி வரை தாழ்ந்த பிறகே சுதாரித்து மேலே எழுப்பினார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து விரிவாக அறிக்கை எழுதியிருக்கிறது. ஓடுபாதை விளக்குகளின் ஒளி குறைவாக வைக்கப்பட்டிருந்ததும் அதில் இருக்கிறது. யாருக்கும் காயம் இல்லை. அன்று 2,300 மீட்டர் நீளமும் அங்கேதான் இருந்தது. விமானியின் கண் ஏமாந்தது. மழைத்திரையைப் பார்த்துத் திரும்பிப் போன அந்தச் சாபா கேப்டனை நினைத்துப் பாருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன் அக்கா. சின்ட் மார்ட்டினில் நேரம் கிடைத்தால் மகோ கடற்கரைக்குப் போவீர்கள். தலைக்கு மேல் விமானங்கள் உரசிப்போகும் அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட இடம். 2016 அக்டோபர் வரை கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானங்களே வந்தன. இறங்கும் விமானங்களை ஆசை தீரப் பாருங்கள். ஆனால் புறப்படும் விமானத்துக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும். 2017 ஜூலையில் எஞ்சின் காற்று தூக்கி எறிந்து ஒரு பெண் இறந்தே போனார். உங்கள் பயணத்தில் நான் உண்மையாகவே பயப்படும் இடம் அந்த வேலிதான்.

பழைய வரைபடம்

ஒரு சின்னச் சேர்க்கை. ஜூலியானாவும் அப்படியொன்றும் பெரிதாகத் தொடங்கியதல்ல. 1942இல் போர்க்கால ஓடுபாதையாக அமைத்தார்கள், அடுத்த ஆண்டு பொதுப் பயணத்துக்கு விட்டார்கள். 1944இல் இளவரசி ஜூலியானா அங்கே வந்து இறங்கியதால் அந்தப் பெயர். சாபாவைச் சுற்றியுள்ள வானத்தை இன்றும் அங்கிருந்துதான் கவனிக்கிறார்கள். ஆகவே சாபாவின் கோபுரம் தகவல் மட்டும்தான் சொல்லும் என்பதைக் கேட்டு, வழியில் யாருமே பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா.

சங்கு

வெஸ்ட்ஜெட் நிகழ்வு எனக்குத் தெரியாது. நீட்டும் யோசனையை விட்டுவிடுகிறேன். ஒரே வாசலை நம்பி இருப்பது பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

வைகறை

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் எடுத்துவிட்டோம், விமானத்தில்தான். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரிகிறது.

ஒரே கேள்வி. ஜன்னல் ஓரம் கிடைத்தால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? தீவுமருந்து தம்பிதான் சொல்ல வேண்டும்.

தீவுமருந்து

மலையைப் பார்க்க வேண்டும் என்றால் வலப்பக்கம். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு சரிவு அந்தப் பக்கம்தான் நெருங்கி வரும், மேலே ஹெல்ஸ் கேட் ஊரின் சிவப்புக் கூரைகள் தெரியும். கடல் போதும் என்றால் இடப்பக்கம். அப்பாவை வலப்பக்கம் உட்கார வையுங்கள், அவர்தானே காணொளியைக் காட்டினார்.

இறங்கியதும் டாக்சி அந்தச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும். முதல் வளைவில் நிறுத்தச் சொல்லிக் கீழே பாருங்கள். வந்த விமானம் அதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பக் கிளம்பிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்ப்பதுதான் அதன் அழகு. மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இங்கிருந்து நல்ல மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள், பையின் எடையை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.